கோட்டையைக் காப்பது எது?

மனித வாழ்க்கையைப் போருக்கு ஒப்பிட்டுப் பேசுதல் நெடுநாளைய வழக்கம். கல்வி கற்பதும், தொழில் தேடுவதும், குடும்பத்தை நிலைநிறுத்துவதும், எடுத்த காரியத்தை முடிப்பதும் ஆகிய யாவும் ஒருவகைப் போரே என்று அறிஞர் பலர் கூறுவர். ஒப்புமை பொருத்தமானதே. ஆயினும் அதனைக் கேட்கும் இளைஞரின் மனக்கண்ணில் தோன்றுவது ஒருநாட் போர். வாளை உருவிக் குதிரைமேற் பாய்ந்து, அந்தி சாய்வதற்குள் வெற்றியோ வீரமரணமோ எய்தும் போர். நம் வாழ்க்கை அத்தகைய போரன்று. அது பல்லாண்டு நீடிக்கும் முற்றுகை. ஒருநாட் போருக்கு வேண்டிய குணம் வேறு. முற்றுகையைத் தாங்குதற்கு வேண்டிய ஆயத்தம் வேறு. இவ்வேற்றுமையை உணராமையால் நம் மாணவருட் பலர் தம் தேக வலிமையையும் மனத் தெளிவையும் தொடக்கத்திலேயே செலவழித்துவிட்டு, காரியம் முற்றுங் காலத்தில் வெறுங்கையராய் நிற்கின்றனர் என்பது எமது அபிப்பிராயம்.

இதனை விளக்குதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் நிற்கும் செஞ்சிக் கோட்டையே போதிய சான்றாகும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் மதில்களால் இணைத்து அமைத்த அக்கோட்டை, மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அப்பன்னிரண்டனுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது இஃதொன்றே. அதுமுதல் அதனைக் காண வருவோர் பலர். வருவோர் அனைவரும் வியப்பது மதில்களை. சுமார் 800 அடி உயர்ந்து நிற்கும் இராஜகிரியையும், அதன் உச்சிக் கோட்டையை மற்றைப் பாறையினின்று பிரிக்கும் ஆழ்ந்த பிளவையும், அதன்மேலிட்ட பாலத்தையும் கண்டு, “இதனை யார் வெல்லக் கூடும்!” என்று மலைத்துப் போகின்றனர்.

ஆனால் மதில் மட்டும் கோட்டையைக் காத்ததில்லை. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத வேறு சில அங்கு உண்டு. இராஜகிரியின் உச்சியிலே வற்றாத ஊற்றுக்கள் உண்டு. அவற்றின் கீழே மழைநீரைத் தேக்கும் சுனைகள் உண்டு. மலையடியிலே யானைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம் முதலிய நீர்நிலைகள் உண்டு. கல்யாண மகாலுக்கு மண்குழாய்களின் வழியே நீர் கொண்டுவரப்பட்டு மேல்மாடிகளுக்கும் ஏற்றப்பட்டது. மலையின் அடியிலும் உச்சியிலும் தடித்த சுவரும் வளைந்த கூரையும் உடைய நெற்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. அடிவாரத்துக் களஞ்சியத்தின் பக்கத்திலேயே உடற்பயிற்சிக் கூடம் ஒன்றும் உண்டு. கோட்டையை அமைத்தோர் ஊற்றையும் களஞ்சியத்தையும் பயிற்சிக்கூடத்தையும் அலங்காரமாகக் கருதினாரல்லர். மதிலுக்குச் சமமான அரணாகவே கருதினர். திருக்குறளில் அரண் என்னும் அதிகாரத்தை ஊன்றிக் கற்போர் இக்கருத்தை அங்கும் காண்பர். கைப்பற்றுதற்கு அருமை ஒன்றையே சொல்லி நிறுத்தாது, உள்ளிருப்போர்க்கு உணவு நிறைந்திருத்தலையும், அவர் நிலைத்து நிற்பதற்கு எளிதாதலையும் உடன்வைத்தே வள்ளுவர் அரணின் இலக்கணத்தை வகுத்தார்.

இவ்விலக்கணத்தின் உண்மை செஞ்சியிலே சோதிக்கப்பட்டது. 1689ஆம் ஆண்டின் இறுதியில் சிவாஜியின் இளைய மகனான இராஜாராம், மொகலாயர் கைக்குத் தப்பித் தெற்கே வந்து செஞ்சியை அடைந்தார். ஔரங்கசீப்பின் சேனாதிபதி சுல்பிகார் கான் 1690இல் கோட்டையை வளைத்தான். அப்பொழுது உலகத்திற் பெருஞ்செல்வமும் பெருஞ்சேனையும் உடைய அரசுகளுள் மொகலாய அரசும் ஒன்று. அவ்வரசின் படை செஞ்சியைக் கைப்பற்றியதோ 1698ஆம் ஆண்டின் தொடக்கத்தில். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள்! இடையிலே முற்றுகையிட்டோரே முற்றுகைப்பட்டதும் உண்டு. 1692ஆம் ஆண்டின் இறுதியில் சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்னும் மராட்டியத் தளபதிகள் வந்து, சுல்பிகார் கானின் பாளையத்துக்குத் தானியம் வரும் வழிகளை அடைத்தனர். வெளியே நின்ற பெரும்படை பசியால் வாடிற்று; 1693இன் தொடக்கத்தில் முற்றுகையைத் தளர்த்தி வந்தவாசிக்குப் பின்வாங்கிற்று. பீரங்கி இருந்தது, ஆள் இருந்தது, ஆணை இருந்தது. தானியம் மட்டும் இல்லை. அவ்வொன்று இல்லாமையால் ஏனைய யாவும் பயனற்றுப் போயின.

இதனினும் துயரமான சான்று ஒன்றும் அக்கோட்டையின் சரித்திரத்தில் உண்டு. 1750ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸியின் தலைமையில் ஒரே இரவிற் செஞ்சியைக் கைப்பற்றினர். எட்டு ஆண்டு நின்ற கோட்டை ஓரிரவில் வீழ்ந்ததைக் கேட்டு உலகம் வியந்தது. அவர்கள் அதனை 1761 வரை தம் வசம் வைத்திருந்தனர். அக்காலத்துப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் ஒரு செய்தியைக் குறித்துள்ளார்: கருநாடகப் பகுதியிலேயே மிகவும் நோய் மலிந்த இடங்களுள் ஒன்றென்று செஞ்சி பெயர்பெற்றிருந்ததாம், ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கு வைத்திராத பிரெஞ்சுக்காரர், அப்பத்தாண்டுக்குள் 1200 பேரை அங்கே இழந்ததாகச் சொல்லப்பட்டதாம். நூறு பேருக்காகக் காவல் வைத்த இடத்தில் ஆயிரத்திருநூறு பேர் புதைக்கப்பட்டனர் என்றால், அவர்களைக் கொன்ற பகைவன் மதிலுக்கு வெளியே நின்றவன் அல்லன் என்பது வெளிப்படை. அக்காலத்தார் காய்ச்சல் நோய்களுக்குக் கெட்ட காற்றே காரணமென்று நம்பினர். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்டு ராஸ் சிகந்தராபாத்திலே கண்டறிந்தது 1897ஆம் ஆண்டில். கண்ணுக்குத் தெரிந்த பகைவனுக்குப் பீரங்கியைத் திருப்பி வைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத பகைவனுக்கு வாயிலைத் திறந்து வைத்திருப்பது மனித இயல்பு போலும்.

இனி, நம்மவர் செஞ்சியைப் பற்றிப் பேசும்பொழுது யாரை நினைக்கின்றனர்? எட்டு ஆண்டு ஊற்றையும் நெல்லையும் காத்தவரையா? அன்று, ராஜா தேசிங்கையே நினைக்கின்றனர். 1714ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயதில், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையை எதிர்த்து, மதிலுக்குள் காத்திராமல், சில நூறு வீரருடன் வெளியே பாய்ந்து பொருது மாண்ட அவ்விளைஞனுடைய கதை, தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் இருநூறாண்டுக்கு மேலாக முழங்கி வருகின்றது. அவ்வீரத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அது நம் நெஞ்சை உருக்கும் கதையே. ஆனால் ஒரு கதை நெஞ்சை உருக்குவதனால் அது நம் நாளாந்த வாழ்க்கைக்கு விதியாகிவிடாது. பரீட்சைக்கு முந்திய பத்து இரவும் கண்விழித்துப் படித்து, பதினோராம் நாள் காய்ச்சலோடு தேர்வுக்கூடத்தில் அமரும் மாணவன் தேசிங்கின் கதையைத் தன்னையறியாமல் நடிக்கின்றான். அவனைப் பார்த்து, “எவ்வளவு பிரயாசை!” என்று நாம் மெச்சவும் செய்கின்றோம். அம்மெச்சுதலே பிழை. பிரயாசையை அளக்கும் கோல் துன்பமன்று. முடிந்த காரியமும், காரியம் முடிந்தபின் எஞ்சியுள்ள வலிமையுமே கோலாகும்.

ஆதலின், கோட்டையைக் கட்டினோர் கண்ட மூன்றையும் நம் வாழ்க்கையிலே வைத்துப் பார்ப்போம்.

முதலாவது ஊற்று. நம் தேகத்துக்கு ஊற்றாவது நித்திரை. இராஜகிரியில் ஊற்றும் உண்டு, மழைநீர்ச் சுனையும் உண்டு என்று முன்னரே கூறினோம். இரண்டும் நீரே தரினும் அவற்றின் இயல்பு வேறு. சுனை ஆண்டுக்கொரு முறை மழையால் நிரம்பி, பின்னர் நாள்தோறும் குறையும். ஊற்றோ இன்று முகந்ததை நாளைக்கு மீண்டும் தரும். விடுமுறை என்பது சுனை போன்றது. நித்திரை ஊற்றுப் போன்றது. நம்மவர் பலர் ஊற்றை அடைத்துவிட்டுச் சுனையை நம்பியிருக்கின்றனர். “பரீட்சை முடியட்டும், தூங்கிக் கொள்வோம், வேலை கிடைக்கட்டும், இளைப்பாறுவோம், பிள்ளைகள் தலையெடுக்கட்டும், உடம்பைப் பார்த்துக் கொள்வோம்” என்பது அவர் வாக்கு. சுனை நிரம்பும் மழை எப்பொழுது வரும் என்று எவரும் உறுதி கூறல் இயலாது. வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரமேனும், பதின்பருவத்தார்க்கு எட்டு முதல் பத்து மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்று இக்காலத்து வைத்திய சாஸ்திரிகள் கூறுகின்றனர். பகலிற் கற்றதை நினைவில் நிலைபெறச் செய்வதும் உறக்கத்திற்கு உரிய தொழில்களுள் ஒன்றென்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆகவே உறக்கத்தைக் குறைத்துப் படிப்பவன், களஞ்சியத்தின் அடியில் ஓட்டையிட்டு மேலே நெல்லைக் கொட்டுபவனுக்கு ஒப்பாவான். முற்காலத்து மாணவர்க்கு விளக்கெண்ணெய் தீர்ந்ததும் இரவு முடிந்தது. இக்காலத்தவர்க்கோ கையிலுள்ள பேசி அணைவதேயில்லை. படித்துக் கண்விழிப்போரினும் அதனைப் பார்த்துக் கண்விழிப்போரே மிகுதி என்பதை மாணவர் விடுதிகளை அறிந்தோர் மறுக்கமாட்டார்.

இரண்டாவது களஞ்சியம். உணவைப் பற்றி நீட்டிக் கூற வேண்டுவதில்லை. மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்திலே வள்ளுவர் மூலிகை ஒன்றையும் சொல்லாது, அளவறிந்து காலமறிந்து உண்ணுதலையே பெரும்பாலும் பேசினார் என்பதொன்றே சிந்திப்பார்க்குப் போதும். காலையிற் பட்டினியும், நடுப்பகலில் தேநீரும், நள்ளிரவிற் கடையுணவுமாக நாளைக் கழிப்பவன், முற்றுகை வருமுன்னரே தன் களஞ்சியத்தைத் தானே கொளுத்தியவனாவான்.

மூன்றாவது பயிற்சிக்கூடம். வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான தேகாப்பியாசம் வளர்ந்தவர்க்கு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கொள்கை. அது நாளொன்றுக்கு அரைமணி நேரத்திற்கும் குறைவு. விரைந்து நடத்தல் அதற்குப் போதும்; பொருட்செலவு வேண்டியதில்லை. செஞ்சியைச் சூழ்ந்த ஊர்களில் நெல்லும் மணிலாவும் பயிரிடும் குடும்பங்களிற் பிறந்த மாணவர்க்கு உழைப்பு புதியதன்று. ஆயினும் கல்லூரிக்கு வந்ததும் உடலுழைப்பைத் தாழ்வென எண்ணி, நாற்காலியிலேயே பகல் முழுதும் கழிக்கும் வழக்கத்தை அவருட் சிலர் மேற்கொள்ளுதலைக் காண்கின்றோம். கற்றவனுக்கு நாற்காலி அடையாளமென்று யார் விதித்தனர்?

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். “பெருங்காரியம் செய்தோர் யாவரும் தம் தேகத்தை மறந்தன்றோ செய்தனர்? நலம் பேணிக்கொண்டிருந்தால் பெருமை எங்ஙனம் வரும்?” என்பர் சிலர். இவ்வாட்சேபத்தை அலட்சியம் செய்தல் நேர்மையன்று. கணித மேதை இராமானுஜனையே எடுத்துக்கொள்வோம். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், ஓரைந்தாண்டுக்குள் உலகம் வியக்கும் ஆராய்ச்சிகளைச் செய்தார். யுத்த காலம், மரக்கறி உணவு அரிது, தாமே சமைத்துண்ணும் நியமம், குளிர்நாடு, நேரந் தவறிய ஊணும் உறக்கமும். 1917இல் நோய்வாய்ப்பட்டார், 1919இல் தாயகம் திரும்பினார், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதிற் காலமானார். அவருடைய நோய் அவருடைய மேதைக்குக் காரணம் என்று எவரேனும் கூறுவரோ? இறுதி நோயிலும் அவர் கணிதம் எழுதினார் என்பது உண்மை. அஃது அவர் உள்ளத்தின் வலிமைக்குச் சான்றேயன்றி நோயின் பெருமைக்குச் சான்றாகாது. இன்னும் முப்பது ஆண்டு அவர் இருந்திருப்பின் உலகம் எவ்வளவு பெற்றிருக்கும் என்பதே நாம் கேட்கத்தக்க கேள்வி.

அவருக்கு எதிரே மற்றொருவரை வைத்துப் பார்ப்போம். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். கல்லூரியிலே பாடமும் சொன்னார். எண்பது வயது கடந்தபின்னர்த் தம் சரித்திரத்தை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதினார். 1942இல், எண்பத்தேழாம் வயதிற் காலமானார். அவருடைய தொண்டு ஓராண்டின் கண்விழிப்பாற் செய்யத்தக்கதன்று. அறுபது ஆண்டுகள் இடையறாது உழைத்தாலன்றி முடியாதது. ஒப்புநோக்கிச் சுவடி திருத்துபவனுக்குக் கண்ணும் நிதானமுமே கருவிகள். அவற்றை இழந்தவனுக்கு ஆர்வம் எத்துணை இருந்தும் பயனில்லை. மொழித்தொண்டும் கல்வித்தொண்டும் வைத்தியத்தொண்டும் பெரும்பாலும் இத்தகைய நெடுந்தொண்டுகளே. நம் கல்லூரியினின்று வெளியேறுவோர் மேற்கொள்ளும் தொழில்களும் அத்தகையனவே.

இன்னும் ஓர் ஆட்சேபம் உண்டு. முன்னதினும் இது வலிமையுடையது. “நலத்தைப் பேணுக என்று சொல்லுதல் எளிது. விடியுமுன் எழுந்து மாட்டுக்குத் தீனி வைத்து, இரண்டு பேருந்து மாறி வகுப்புக்கு வரும் மாணவன் ஏழு மணி நேரம் உறங்குவது எங்ஙனம்? தம்பி தங்கையர்க்குச் சமைத்து வைத்துவிட்டுத் தான் உண்ணாமல் ஓடிவரும் மாணவி காலையுணவைப் பற்றிய உபதேசத்தைக் கேட்டு என் செய்வாள்?” என்பது அது. இதற்கு விடை கூறாமல் மேலே செல்வோமாயின் இக்கட்டுரை வயிறு நிறைந்தோர் வயிறு நிறைந்தோர்க்கு எழுதிய கட்டுரையாகிவிடும்.

விடை செஞ்சியிலேயே உள்ளது. அங்குள்ள களஞ்சியத்தை ஒவ்வொரு வீரனும் தனித்தனியே கட்டிக்கொள்ளவில்லை. ஊற்றுநீரைத் தேக்கும் சுனையை ஒவ்வொருவனும் தனக்கென வெட்டிக்கொள்ளவில்லை. வீரனிடம் எதிர்பார்த்தது காவல். அவனுக்கு நீரும் நெல்லும் தருதல் கோட்டையை உடையவர் கடமை. நலம் பேணுதல் தனிமனிதன் கடமையே என்று சொல்லி ஒதுங்கும் ஸ்தாபனம், பட்டினி கிடக்கும் காவலனைப் பார்த்து, “நீ ஏன் சோர்ந்தாய்?” என்று கேட்கும் தலைவனை ஒக்கும்.

இவ்வுண்மையைத் தமிழ்நாடு பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் முன்னரே உணர்ந்துள்ளது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று கண்டு, 1956ஆம் ஆண்டில் காமராசர் காலத்தில் மதிய உணவுத் திட்டம் மாநிலத்திற் பரவிற்று, 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் காலத்தில் அது சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. 2022இல் தொடக்கப் பள்ளிகளிற் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஒரு பிள்ளை பள்ளியை விட்டுக் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த மாத்திரத்தில் அவனுக்குப் பசி நீங்கிவிடுகின்றதா? வகுப்பின் பெயர் மாறினால் வயிற்றின் இயல்பு மாறுமா?

தொழில் உலகமும் இதனை மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டு வருகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல், வேலையினால் உண்டாகும் நீங்காச் சோர்வைத் தன் நோய்ப் பகுப்பு நூலின் பதினோராம் பதிப்பிற் குறித்தது. அதனை ஒரு நோயென்று கூறாமல், சீர்செய்யப்படாத பணியழுத்தத்தின் விளைவென்றே வகுத்தது. அந்நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் கூடி 2021இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் மிகுதி என்றும், இருதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் மிகுதி என்றும் மதிப்பிடப்பட்டது. நீண்ட வேலை நேரத்தின் காரணமாக 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 7,45,000 பேர் இவ்விரு நோய்களால் இறந்தனர் என்பதும் அவ்வாராய்ச்சியின் மதிப்பீடு. செஞ்சியில் மாண்ட ஆயிரத்திருநூறு பேரைப் போல இவர்களும் மதிலுக்கு உள்ளேயே மாண்டவர்கள்.

ஆகவே எமது கோரிக்கை இருதிறத்தாரையும் நோக்கியது. கல்லூரிகளை நடத்துவோர்க்கு மூன்று சொல்வோம். முதல் வகுப்புக்கு முன்னர், வேண்டுவோர்க்குக் கேள்வியின்றி எளிய காலையுணவு கிடைக்க வழிசெய்தல் வேண்டும். வறுமையை நிரூபித்தால் மட்டுமே சோறு என்னும் நிபந்தனை, மானமுள்ள மாணவனைப் பட்டினிக்கே துரத்தும். ஒப்படைப்புகளும் உட்தேர்வுகளும் யாவும் ஒரே வாரத்திற் குவியாதபடி ஆசிரியர்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே கூடிப் பேசி வகுத்தல் வேண்டும். மயிலிறகாயினும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் கண்ட நீதி. ஒவ்வோர் ஆசிரியரும் தாம் ஏற்றுவது ஓர் இறகே என்றுதான் எண்ணுகின்றார். தூரத்து ஊர்களிலிருந்து வருவோர் பகலிற் சிறிது நேரம் இளைப்பாறவும் அமைதியாகப் படிக்கவும் ஓரிடம் ஒதுக்குதல் வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை, வேண்டுவது கருத்தே. பழைய மாணவர்களாய் உள்ள அன்பர்கள் கட்டடத்துக்கும் கல்வெட்டுக்கும் நன்கொடை அளிப்பது போல இக்களஞ்சியத்துக்கும் அளிப்பாராயின் அது மதிலினும் நீடித்து நிற்கும்.

மாணவர்களுக்குச் சொல்வதும் உண்டு. உள்ள நிலைமை முழுதும் உங்கள் கையில் இல்லை. ஆனால் சிறிதும் இல்லையென்பதும் பொய். பேருந்து நேரத்தை நீங்கள் மாற்றல் இயலாது. படுக்கையில் பேசியை வைத்துக் கொள்ளாதிருத்தல் இயலும். வீட்டு வேலையை விடல் இயலாது. அவ்வேலையை அண்ணனும் தங்கையும் பகிர்ந்து செய்தல் இயலும். இவ்விடத்தில் ஆண் மாணவர் சற்று நின்று சிந்திக்க. ஒரே வீட்டில், ஒரே பரீட்சைக்கு, ஒருவர் விளக்கின்கீழும் மற்றொருவர் அடுப்பின்கீழும் ஆயத்தம் செய்தல் நீதியாகுமா? வாரத்தில் ஒரு நாளேனும் பாடத்தையும் வேலையையும் ஒதுக்கி வைத்து ஓய்தலும், சோர்வு மிகும்பொழுது நண்பரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ வாய்திறந்து சொல்லுதலும் கோழைத்தனம் அல்ல. காவலிலே தூங்குவதுதான் குற்றம். காவல் மாறித் தூங்குதல் ஒழுங்கு.

இறுதியாக, செஞ்சி கற்பிக்கும் பாடம் ஒன்று எஞ்சியுள்ளது. எட்டு ஆண்டு காத்தும் 1698இல் கோட்டை வீழ்ந்தது. ஆனால் அது வீழ்வதற்கு முன்னரே இராஜாராம் அங்கிருந்து வெளியேறிவிட்டார்; பின்னர் மகாராஷ்டிரம் சேர்ந்தார். கோட்டையைக் கைப்பற்றிய சுல்பிகார் கான் எதற்காக எட்டு ஆண்டு உழைத்தானோ அப்பொருள் அதனுள் இல்லை. மராட்டியர் அரசும் அழியவில்லை, சதாராவிலிருந்து தொடர்ந்தது. அவர்களுக்குச் செஞ்சி ஒரு கருவியேயன்றி இலட்சியம் அன்று. இதை அறிந்தமையால் விட்டுச் செல்லவும் அறிந்தனர். நம்மிற் பலர் ஒரு பரீட்சையையோ, ஓர் உத்தியோகத்தையோ, ஒரு மதிப்பெண்ணையோ தம் வாழ்க்கையின் முடிந்த முடிபாகக் கருதி, அது கைதவறினால் உலகமே கைதவறியதாக எண்ணி மனமுடைகின்றனர். ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் இளம் பிள்ளைகளைப் பற்றி நாம் படிக்க நேரும் செய்திகள் கல்நெஞ்சையும் கரைக்கும். அவர்கள் காக்க முயன்றது ஒரு கோட்டையை, இழந்ததோ நாட்டையே. ஒரு கோட்டை போனால் வேறு கோட்டை உண்டு. கோட்டைக்காக உயிர் அன்று. உயிரைக் காத்தற்கே கோட்டை.

ஆதலால், அன்புள்ள மாணவர்களே, இனி நீங்கள் செஞ்சிக்குச் செல்லுங்கால் மதிலை மட்டும் கண்டு திரும்பாதீர். அடிவாரத்துக் களஞ்சியத்தினுள்ளும் அதன் பக்கத்துப் பயிற்சிக்கூடத்தினுள்ளும் நுழைந்து பாருங்கள். இராஜகிரியின் உச்சி சேர்ந்ததும் படமெடுப்பதற்கு முன்னே ஊற்று எங்குள்ளதென்று கேளுங்கள். நெடுங்காரியம் மேற்கொண்டோர் மலையுச்சியிலும் முதலில் தேடியது நீரையே என்பதை அது உங்களுக்குச் சொல்லும். மதிலைக் கட்டப் பலர் கற்பிப்பர். ஊற்றைக் காக்க நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். கற்றபின் அருகே தாகத்தோடு நிற்பவனுக்கும் முகந்து கொடுங்கள்.